முன்பக்கம் கை வைக்காதே

மார்ச் 4

குள்ளிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பைக் கிளப்காரர்கள் யாரோ போட்ட படத்தைப் பார்த்தேன். என் வண்டியின் மேல் நீ உட்கார்ந்திருக்கிறாய். என் ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அத்தனை பல்லையும் காட்டிக்கொண்டு. அதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். நான் பார்த்தது உன் காலை. இரண்டு குதிகாலும் தரையில் பதிந்திருக்கின்றன.

அந்த வண்டியில் குதிகால் ஊன்றி உட்கார நம் வீட்டில் என் ஒருத்தியால்தான் முடியும். நீ உட்கார்ந்தால் கட்டைவிரல் நுனி தொடும், அதுவும் ஒரு பக்கமாகச் சரிந்தால். நான் வேலைக்குக் கிளம்பி வந்தபோது அப்படித்தான் இருந்தது. கல்யாண வயதைத் தாண்டியவள் திடீரென்று வளர்ந்துவிட்டாய் என்று நம்பச் சொல்கிறாயா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சீட்டு பின்சக்கரத்தின் மேல் அமுங்கிக் கிடக்கிறது. முன்பக்கம் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. நாய் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என் வண்டி.

நான் என்ன சொல்லிவிட்டு வந்தேன்? வாரம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணு, உறை போட்டு மூடு. ஓட்டு என்று சொன்னேனா? உயரத்தைக் குறை என்று சொன்னேனா?

செய்தது சோடாபுட்டிதான் என்று தெரியும். ஊரில் வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது. மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை அவன் பட்டறையில், அவனோடு கிரீஸில் புரண்டு கழித்தவள் நான். நான் தலையாட்டாமல் அந்த வண்டியில் ஒரு போல்ட்டைக்கூட அவன் தொட்டதில்லை. இப்போது நீ கேட்டதும் வண்டியின் இடுப்பையே ஒடித்துக் கொடுத்திருக்கிறான்.

பழையபடி உயர்த்தச் சொல். போனில் சொல்லியிருப்பேன், நீ என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். அம்மாவிடம் சொன்னால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அதனால் கடிதம்.

நெட்டை


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

அன்பு நிஜம்தான். கோபம் தனிக் கணக்கு.

பிளாக் செய்ததற்குக் காரணம் உனக்கே தெரியும். நான் வண்டியை வெளியே எடுக்கிறேன் என்று தெரிந்த அன்று நீ கத்திய கத்தல், போனைத் தாண்டி, என் வரவேற்பு மேசையைத் தாண்டி, உள்ளே பல் பிடுங்க உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்டது. அவர் எழுந்து போய்விட்டார். டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

சரி, ஒப்புக்கொள்கிறேன். குறைத்தாயிற்று. ஏன் என்று கேட்க உனக்குத் தோன்றவில்லை பார். சிக்னலில் நின்றால் கால் ஊன்ற நடைபாதைத் திட்டு எந்தப் பக்கம் என்று தேடுவேன். திட்டு இல்லாத சிக்னல் வந்தால் வேறு வழியாகச் சுற்றிப் போவேன். பெட்ரோல் பங்கில் ஒருநாள் வண்டி மெதுவாக, ரொம்ப மரியாதையாக, என்னோடு சேர்ந்து சாய்ந்தது. மூன்று ஆண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தர் வண்டியைத் தூக்கினார், மற்ற இரண்டு பேரும் அறிவுரை சொன்னார்கள். "ஸ்கூட்டர் எடுத்துக்கோம்மா, உன் சைஸுக்கு அதுதான் சரி." பொறந்ததிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேல் அலமாரிக்கு ஸ்டூல், பஸ்ஸில் கம்பிக்கு எம்பல், உன் பழைய பேண்ட்டுக்கு மடிப்பு. உனக்கு இது புரியாது. நீ ஒட்டகம்.

சோடாபுட்டி அண்ணன் பின் சஸ்பென்ஷனில் இருந்த லிங்க் தகடு இரண்டையும் கழற்றிவிட்டு, கொஞ்சம் நீளமான தகடு மாட்டினார். அவ்வளவுதான். தகடு நீண்டால் சீட்டு இறங்குமாம். இரண்டு விரல்கடை இறங்கியது. முதல்தரம் இரண்டு காலும் ஊன்றி உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. சிரிக்காதே.

முன்பக்கம் ஏன் நிமிர்ந்திருக்கிறது என்று கிண்டல் செய்திருக்கிறாய். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய் மேல் நீ ஒட்டிவிட்டுப் போன டேப் அப்படியே இருக்கிறது. சிவப்பு எழுத்தில், "முன்பக்கம் கை வைக்காதே. வைத்தால் கை இருக்காது." அண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார், அதைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருதரம் படித்தார், திரும்பிப் போய்விட்டார். "உங்கக்கா எழுத்து. நான் தொடமாட்டேன்பா." உன் சொல்லுக்கு இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்?

இன்னொரு சேதி. ஏப்ரலில் இரண்டாவது ஞாயிறு, பழைய சிமென்ட் ஆலை ஓடுதளத்தில் கிளப் போட்டி. பெயர் கொடுத்துவிட்டேன்.

உன் குள்ளி


மார்ச் 18

குள்ளிக்கு,

டேப்பை மதித்தீர்கள் என்பது ஒன்றுதான் உன் கடிதத்தில் நல்ல சேதி.

மற்றதெல்லாம் கேட்டுக்கொள். வண்டியைத் தாழ்த்தினால் சைடு ஸ்டாண்டு அதற்கு நீளமாகிவிடும். வண்டி சாய்ந்து நிற்காது, நட்டுவைத்த மாதிரி நிற்கும். காற்றடித்தால் மறுபக்கம் விழும். செயின் இழுவை மாறியிருக்கும், பார்த்தீர்களா? முன்விளக்கு சாலையைப் பார்க்காது, மரத்தில் கூடு கட்டிய காக்காயைப் பார்க்கும். வளைவில் சாய்த்தால் ஃபுட்ரெஸ்ட் முன்பைவிடச் சீக்கிரம் தரையில் உரசும். ஒரு வண்டியை வடிவமைத்தவர்கள் உனக்கு ஸ்டூல் போடவில்லை என்பதற்காக நீ வண்டியைக் குழி வெட்டி இறக்கியிருக்கிறாய்.

போட்டிக்குப் பெயர் கொடுத்தாயாம். அந்த ஓடுதளத்தில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வரும் வளைவைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? டயர் அடுக்கிய சுவர் வெளிப்பக்கம் நிற்கும், நீ அதைப் பார்த்தால் அதன் மேல்தான் போவாய். சாதனைப் பலகையில் அந்த வளைவுக்கு எதிரே யார் பெயர் எழுதியிருக்கிறது என்று போய்ப் பார். நான்கு வருஷமாக யாரும் அழிக்கவில்லை. நீ உறை போடு, ஸ்டார்ட் பண்ணு. வளைவு உனக்கு வராது.

இங்கே என் பிழைப்பைக் கேட்டால், பேருந்துக் கூடு கட்டும் இடத்தில் நாள் முழுக்க சீட்டு போல்ட் சரிபார்க்கிறேன். அறை ஜன்னலைத் திறந்தால் கண்ணாடி மாட்டாத பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. அறையிலிருந்து வேலைக்குப் போகும் சாலையில் ஒரு வளைவுகூடக் கிடையாது. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. நீ என் வண்டியில் என் வளைவில் போகிறாய், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகிறேன். வயிறு எரிகிறது. எரியாது என்று நினைத்தாயா?

நெட்டை


மார்ச் 27

அக்காவுக்கு,

வயிறு எரிகிறது என்று நீயே எழுதியதற்கு நன்றி. மிச்சம் இரண்டு பக்கமும் அதைத்தான் சொன்னது, இந்த ஒரு வரியே போதும்.

எனக்கு எது கிடைத்தாலும் உன் கண்ணுக்கு அதில் ஒரு ஓட்டை தெரிந்துவிடும். எனக்கு சைக்கிள் வாங்கியபோது பிரேக் சரியில்லை என்றாய். நீச்சல் கற்கப் போனபோது குளத்தில் பாம்பு இருக்கிறது என்றாய். பல் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது டாக்டர் முழி சரியில்லை என்றாய். பிரேக் நன்றாகப் பிடித்தது. குளத்தில் எனக்குப் பயந்த தவளை மட்டும்தான் இருந்தது. டாக்டருக்கு மாறுகண், பாவம், மனுஷன் தங்கம்.

நீ சொன்ன குறை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஸ்டாண்டு நீளம்தான், ஒருநாள் காற்றில் வண்டி கீழே விழுந்தது, கண்ணாடி போனது. அண்ணன் ஸ்டாண்டை வெட்டி ஒட்டவைத்துவிட்டார். செயின் சரிசெய்தாயிற்று. விளக்கைத் திருகி இறக்கியாயிற்று, காக்காய் நிம்மதியாகத் தூங்குகிறது. எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது, மனசு இருந்தால்.

கிளப்பில் புதிதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். உன் உயரம், இன்னும் ஒரு விரல் அதிகமாகக்கூட இருக்கும். உன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். "பின்னாடி பழைய தகட்டை மாட்டித் தாங்களேன், ஒரு ரவுண்டு போறேன்" என்று அண்ணனிடம் தினம் கெஞ்சுகிறாள். அவள் பட்டறைக்கு வந்தால் அண்ணன் டீ சொல்கிறார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீ படித்துவிட்டு நன்றாக எரியட்டும் என்றுதான்.

தொட்டி வளைவுக்குப் போய்ப் பழகிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அங்கே மட்டும் எனக்குச் சரிவரவில்லை. உள்ளே ஒட்டித் திரும்பவேண்டும் என்று நினைத்துத்தான் போகிறேன், வண்டி சுவர்ப் பக்கமாகவே ஒதுங்கிப் போகிறது. நேர்ச்சாலையில் முன்னைவிட அசையாமல் போகிறது, வளைவில் மட்டும் பிடிவாதம். பயம்தான், வேறென்ன. உடம்பு பயந்தால் வண்டிக்குத் தெரிந்துவிடுகிறது. போட்டியன்று யோசிக்காமல் வேகமாக உள்ளே விடப்போகிறேன். தைரியம் வந்தால் தானாகத் திரும்பும்.

குள்ளி


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். சோடாபுட்டிக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டேன், எடுக்கவில்லை. என் நம்பரைப் பார்த்தாலே அவனுக்கு ஜுரம் வந்திருக்கும்.

முதலில் ஒன்று. அது பயமில்லை. நீ பயந்தவள் இல்லை. வண்டிதான் திரும்ப மறுக்கிறது.

பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் முன் ஃபோர்க் சாய்வு நாற்காலி மாதிரி பின்னால் சாய்ந்துவிடும். முன்சக்கரம் உன்னைவிட்டு முன்னால் தள்ளிப்போகும், அதன் மேல் எடையும் குறையும். நேர்ச்சாலையில் ரயில் மாதிரிப் போகும். வளைவில் சோம்பேறி. நீ உள்ளே திருப்பத் திருப்ப அது வெளியே அகன்று போகும். வேகத்தைக் கூட்டினால் இன்னும் அகலும். நீ நினைக்கிற தைரியத்தோடு அந்த வளைவுக்குள் போனால் நேராகச் சுவருக்குத்தான் போவாய். தயவுசெய்து போகாதே.

நான் சொன்னால் நம்பமாட்டாய். பாம்பு, பிரேக், டாக்டர் எல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கிறது. என்னை நம்பவேண்டாம், வண்டியைக் கேள். பட்டறை முற்றத்தில் சாக்பீஸால் பெரிதாக ஒரு வட்டம் போடு. கோட்டின் மேல் ஒரே வேகத்தில் சுற்று. உள்பக்க ஹேண்டிலை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கோட்டில் நிற்கும், கொஞ்சம் கையைத் தளர்த்தினால் வெளியே வழியும்.

பிறகு சோடாபுட்டியிடம் முன்பக்கத்தை இறக்கச் சொல். ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, இரண்டு குழாயையும் மேலே கொஞ்சம் ஏற்றினால் முன்பக்கம் இறங்கும். ஒரேயடியாக வேண்டாம். நகக்கண் அளவு இறக்கு, வட்டம் போடு, மறுபடி இறக்கு. இரண்டு பக்கமும் ஒரே அளவு. பிரேக் அழுத்தி முன்பக்கம் முழுக்க அமுங்கும்போது மட்கார்டு ரேடியேட்டரில் இடிக்கவில்லை என்று பார்க்கவேண்டும். ஃபுட்ரெஸ்ட் உரசுவதற்கு மருந்தில்லை. வண்டியைக் குறைவாகச் சாய், உடம்பை அதிகமாக உள்ளே இறக்கு. நீ சின்ன உடம்பு, உனக்கு அது வரும்.

நாய் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று முதல் கடிதத்தில் நான்தானே எழுதினேன். கிண்டல் செய்தேன். அது வளைவில் என்ன செய்யும் என்று அப்போது தெரியாதா என்று கேட்டால், தெரியும். போன கடிதத்தில் ஸ்டாண்டு, விளக்கு, செயின் எல்லாம் எழுதினேன், இதை மட்டும் எழுதவில்லை. முன்பக்கத்தை இறக்கச் சொன்னால் அந்த வண்டியில் என்னுடையது என்று ஒன்றும் மிஞ்சாது. பின்னால் உன் உயரம், முன்னாலும் உன் உயரம். அந்த டேப் ஒன்றுதான் அங்கே நான். நீ விழவேண்டும் என்று நினைக்கவில்லை, அம்மா மேல் ஆணை. மெதுவாகப் போகட்டும், அலுத்துப் போய் உறையைப் போட்டு மூடட்டும் என்று நினைத்தேன். நீ வேகமாக விடப்போகிறேன் என்று எழுதியதைப் படித்ததும் வேலையை அப்படியே விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

டேப்பைப் பிய்த்து எறி.

இதைச் செய்தால் அந்த வளைவில் நீ என்னை முந்திவிடுவாய் என்று தோன்றுகிறது. அதுதான் எரிகிறது. எரிந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 14

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். புதுப் பாம்பு விடுகிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம், நீ சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காகவே சாக்பீஸ் வாங்கினேன்.

வட்டம் போட்டுச் சுற்றினேன். கோட்டைவிட்டு வெளியே போனேன். மறுபடி சுற்றினேன், மறுபடி போனேன். பட்டறை வாசலில் கிடந்த பக்கெட்டை இடித்தேன். அப்போதும் உன்னை நம்பப் பிடிக்கவில்லை. அண்ணனிடம் வண்டியைக் கொடுத்து, "நீங்க ஓட்டுங்க" என்றேன். அவரும் பக்கெட்டை இடித்தார்.

அதன்பிறகு பெரிய கூத்து. முன்பக்கத்தை இறக்குங்கள் என்றால் அண்ணன் டேப்பைக் காட்டுகிறார். "அக்காவே சொல்லிட்டா" என்றேன். "எழுத்துல இருக்கா?" என்றார். உன் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பிய்த்து எறி"ங்கிற வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்தார். அதற்கப்புறமும், "நீயே பிய்ச்சிடு, எனக்கு வேணாம் இந்த வம்பு" என்று ஒதுங்கி நின்றார். நான்தான் பிய்த்தேன். வெயிலில் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது, நகத்தால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது.

கொஞ்சம் இறக்கினோம், சுற்றினேன். இன்னும் கொஞ்சம் இறக்கினோம். மூன்றாவதுதரம் வட்டத்துக்குள் போனதும் வண்டி தானாகக் கோட்டின் மேல் உட்கார்ந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா. சும்மா பார்த்தேன், அது திரும்பியது. இத்தனை நாள் என் மேல்தான் குறை என்று நினைத்து ராத்திரியெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேனே, அதற்காக உன்னை ஒரு அறை விடவேண்டும் போல இருந்தது. நீ வேண்டுமென்றே எழுதாமல் வைத்திருந்ததைப் படித்தபோது அதைவிடக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், அது என் பாடு.

போட்டி. முதலில் வந்தது அந்தப் புது நெட்டை. நான் இரண்டாவது. ஆனால் தொட்டி வளைவில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் அவள் என் பின்னால்தான். நேர்ச்சாலையில் முந்துவாள், வளைவில் நான் உள்ளே நுழைவேன். ஃபுட்ரெஸ்ட் உரசித் தீப்பொறி பறந்ததாம், அம்மா பார்க்கவில்லை, நல்லவேளை. பலகையில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. உன் நேரத்துக்கும் என் நேரத்துக்கும் ஒரு இமைப்பொழுதுதான் வித்தியாசம் என்றார்கள். கீழே இறங்கிப் போய் உன் பெயரின் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டு வந்தேன். நானும் எரிந்துகொண்டேதான் துடைத்தேன். சின்ன வயதிலிருந்தே உன் காலைப் பார்த்து எரிகிறவள் நான், உனக்கு மட்டும்தான் அந்த வியாதி என்று நினைக்காதே.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. வண்டியிலிருந்து கழற்றிய பழைய லிங்க் தகடு இரண்டும் அதில் இருக்கிறது. அந்த மாடலை நிறுத்தி வருஷமாகிறது, இந்தத் தகடு இனி கடையில் கிடைக்காது என்கிறார் அண்ணன். வண்டி உன்னுடையது. நீ லீவில் வரும்போது கொண்டுவா, மாட்டி உயர்த்திக்கொள். நான் ஸ்டூல் போட்டு ஏறிக்கொள்கிறேன்.

பிளாக் எடுத்துவிட்டேன். கத்தாமல் பேசு.

குள்ளி


ஏப்ரல் 22

குள்ளிக்கு,

போன் செய்யலாம் என்று எடுத்தேன், கத்திவிடுவேன் என்று பயந்து வைத்துவிட்டேன். உன் டாக்டருக்கு இன்னொரு நோயாளி குறையவேண்டாம்.

பலகையில் என் பெயர் இருக்கிறது என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. அடுத்த போட்டியில் அழித்துவிடு. அழிக்கும்போது எனக்குச் சொல்லாதே.

ஃபுட்ரெஸ்ட்டில் உரசிய இடத்தை அரம் வைத்து மழுங்கடி, கூர் இருந்தால் சாக்ஸைக் கிழிக்கும். சோடாபுட்டி டீ வாங்கிக் கொடுத்தால் குடி, அந்தப் புது நெட்டையின் பங்கையும் சேர்த்துக் குடி.

பார்சல் வந்தது. தகடு இரண்டையும் துடைத்து, வேலை செய்யும் மேசையில் வரைபடத்தாள் பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறேன். பக்கத்து மேசைக்காரி என்ன இது என்று கேட்டாள். என் தங்கை வண்டியின் சாமான் என்று சொன்னேன்.

லீவில் வரும்போது இவற்றைக் கொண்டுவரமாட்டேன். வரும்போது உன் உயரத்திலேயே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன், முட்டி காதைத் தொட்டால் தொடட்டும். அந்த நெட்டை மறுபடியும் கேட்டால், பழைய தகடு எங்கே இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது என்று சொல்லிவிடு. சோடாபுட்டியையும் சொல்லச் சொல். இது என் கையில் இருக்கிற வரைக்கும் உயரமான எவளும் அந்த வண்டியில் சௌகரியமாக உட்கார முடியாது.

அக்கா